போர்ட்டில்லோவின் செங்குத்து ஷூட்களில் ஸ்கீ: எந்த முகம், எந்த மணி, எப்படித் திரும்புவது

கேட்கப்பட்டது இது: "கறுப்புத் தடங்களில் (ஸ்கீ மையங்கள் மிகக் கடினம் என்று குறிப்பவை) பயமில்லாமல் இறங்குவேன். ஆகஸ்டில் ஒரு வாரம் சிலி நாட்டின் போர்ட்டில்லோவுக்குப் போகிறேன். அங்கே பாறைகளுக்கு நடுவே இறங்கும் குறுகலான ஷூட்களில் ஸ்கீ செய்ய ஆசை. என்ன தயாரிப்பு வேண்டும்? அங்கே பேர்பெற்ற சூப்பர் சி என்ற நீண்ட ஷூட் எனக்குச் சாத்தியமா?"

கறுப்புத் தடத்தில் விழுந்தால் கொஞ்ச தூரம் வழுக்கி நின்றுவிடுவீர்கள். ஷூட்டில் பனி இறுகியிருந்தால் நிற்க மாட்டீர்கள். மற்ற எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவைதான். 45 டிகிரி சரிவில், துணிக்கும் பனிக்கும் இடையிலான உராய்வைக் கழித்துக் கணக்குப் போட்டாலும், மூன்று விநாடிக்குள் ஏறக்குறைய 25 மீட்டர் போயிருப்பீர்கள். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். இரண்டு பக்கமும் பாறை. அதே ஷூட்டில் முழங்கால் அளவு புதுப்பனி கிடந்தால் விழுந்த இடத்திலேயே நின்றுவிடலாம்; ஆனால் அப்போது பனிச்சரிவு அபாயம் வந்து சேரும். அதனால் ஷூட் எத்தனை டிகிரி என்று கேட்பதற்கு முன், இன்றைக்கு இந்த மணிக்கு அங்கே பனி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த கேள்வி, ஒவ்வொரு திருப்பத்தின் முடிவிலும் உங்களால் முழுசாக நிற்க முடியுமா என்பது. இவை இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் போர்ட்டில்லோ அருமையான இடம்.

போர்ட்டில்லோ ஊர் இல்லை. சாந்தியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் மென்டோசாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், எல்லைக்குச் சற்று முன்னால், இன்கா ஏரிக்கரையில் நிற்கும் ஒரு மஞ்சள் ஓட்டல்; சுற்றிலும் மலை. 1949-இல் திறந்தது. 450 பேர் அளவில்தான் தங்க முடியும் என்பதால் லிஃப்டில் வரிசை குறைவு, புதுப்பனி சீக்கிரம் மிதிபடாது. ஓட்டல் சுமார் 2,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட்கள் 3,300 மீட்டர் சொச்சம் வரை போகின்றன. 1966-இல் ஆல்பைன் ஸ்கீ உலக சாம்பியன்ஷிப் பந்தயம் இங்கேதான் நடந்தது. தென்கோளத்தில் அந்தப் பந்தயம் நடந்தது அந்த ஒரு முறைதான். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் வந்த புயலும் பனிச்சரிவுகளும் லிஃப்ட்களை அடித்துக்கொண்டு போயின. அந்த மலை இன்றும் அதே குணத்தோடுதான் இருக்கிறது.

வடகோளத்தில் பழகியவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது திசைக் கணக்கு. ஆல்ப்ஸிலும் காஷ்மீரிலும் வடக்கு முகம் நிழல், தெற்கு முகம் வெயில். போர்ட்டில்லோ தென் அட்சம் 33 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூரியன் வடக்கு வானத்தின் வழியே போகும். எனவே தெற்கு முகம்தான் குளிர்ந்த பனியைக் காப்பாற்றும். இதை எண்களில் பார்த்தால் மாதத்தின் வித்தியாசமும் புரியும். ஜூலை நடுவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 36 டிகிரி உயரத்தில் நிற்கும், ஆகஸ்ட் நடுவில் 43, செப்டம்பர் கடைசியில் 60. நேராகத் தெற்கு பார்த்த, 40 டிகிரி சாய்ந்த ஷூட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அதன்மேல் வெயில் படவே படாது. ஆகஸ்ட் நடுவில் நண்பகலில் லேசாகத் தடவிவிட்டுப் போகும். செப்டம்பர் கடைசியில் நன்றாகவே படும். ஜூலையில் காற்று அடித்து இறுகிப்போன தெற்கு ஷூட் "மத்தியானம் இளகிவிடும்" என்று காத்திருப்பது வீண். மறுபுயல் வரும்வரை அது அப்படியே கல்லாக இருக்கும்.

கிழக்கு முகம் காலையில் இளகும், வடக்கு நண்பகலில், மேற்கு பிற்பகலில். ஏரி ஓட்டலிலிருந்து வடக்கே நீள்வதால் அதன் மேற்குக் கரைச் சுவர் காலை வெயிலையும் கிழக்குக் கரைச் சுவர் மாலை வெயிலையும் வாங்கும். புயல் முடிந்து பல நாள் தெளிந்த வானம் இருந்தால், இந்த வரிசையில்தான் அன்றைய திட்டத்தைப் போட வேண்டும். இரவில் இறுகிய பனி மேலாக 2 அல்லது 3 சென்டிமீட்டர் இளகியதும் இறங்குங்கள். அதற்கு முன் ஸ்கீ விளிம்பு பிடிக்காது. பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் அமிழத் தொடங்கிவிட்டால் நேரம் கடந்துவிட்டது; ஈரப்பனி சரியும், மேலிருந்து கல்லும் உருளும். நடுவில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான்.

புயல்கள் பசிபிக்கிலிருந்து வருகின்றன. முன்னால் அடிக்கும் வடமேற்குக் காற்று பனியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெற்கு, தென்கிழக்கு முகங்களில் கொட்டும். நல்ல பனி தங்கும் முகமும் காற்றுப் பலகை உருவாகும் முகமும் ஒன்றாகிவிடுவதுதான் இங்குள்ள சிக்கல். காற்றுப் பலகை என்பது காற்று அடித்து ஒட்டவைத்த இறுகிய மேலடுக்கு. அடியில் பலவீனமான அடுக்கு இருந்தால், ஒருவர் ஏறி நின்ற மாத்திரத்தில் முழுத் துண்டாக உடைந்து கிளம்பும். வெயில் படாத இடத்தில் அந்த அடியடுக்கு நாள்கணக்கில் அப்படியே இருக்கும். பெரும்பாலான பலகைப் பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. நீங்கள் ஆசைப்படும் ஷூட்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் வரும். புயல் ஓய்ந்த பிறகு ஒரு நாளாவது, நிறையக் கொட்டியிருந்தால் இரண்டு நாளாவது ஷூட் பக்கம் போகாமல் இருங்கள். மலையின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் ரோந்துக் குழு வெடி வைத்துச் சோதித்துத் திறந்த பகுதிக்குள் மட்டும் ஸ்கீ செய்யுங்கள். மேலே தட்டினால் முரசுபோல ஒலிப்பது, காலடியில் "உம்ப்" என்று அமுங்குவது, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

இனி லிஃப்ட். செங்குத்தான பக்கங்களுக்குப் போகும் லிஃப்ட்கள் போர்ட்டில்லோவுக்கே உரிய ஒரு வகை. 'வா-எ-வியான்' என்று பெயர். பனிச்சரிவுப் பாதையில் தூண்கள் நட்டால் அடுத்த புயலுக்குத் தாங்காது என்பதால், பிரான்சின் போமகால்ஸ்கி நிறுவனம் தூணே இல்லாமல் இதை அமைத்துக் கொடுத்தது. நான்கைந்து பேர் தோளோடு தோள் நிற்க, ஆளுக்கொரு வட்டத் தட்டைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ள, கம்பி எல்லோரையும் ஒரே இழுப்பில் விரைவாக மேலே கொண்டுபோகும். அதில் உட்காரக் கூடாது; முழங்காலைத் தளர்த்தி நின்றுகொண்டு, ஸ்கீகளை நேராக, பக்கத்து ஆளின் ஸ்கீயோடு சிக்காமல் வைத்திருக்க வேண்டும். இறங்குவதுதான் கடினம். உச்சியில் கம்பி நின்று, மெல்லப் பின்னோக்கி நகரத் தொடங்கும். நிற்கும் இடமே செங்குத்து. வரிசையின் வெளிப்பக்கம் இருப்பவர் முதலில், பிறகு அடுத்தவர் என்று ஒவ்வொருவராகத் தட்டை விடுவித்து, ஸ்கீயைக் குறுக்கே திருப்பி விளிம்பில் நின்றுகொள்ள வேண்டும். ஏறுமுன் யார் எந்த வரிசையில் விடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். இந்த வகையைச் சேர்ந்த ரோக்கா ஜாக் என்ற லிஃப்டில் இதைப் பதற்றமில்லாமல் செய்ய வரவில்லை என்றால், அதற்கு மேலே உள்ள எதற்கும் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

தொழில்நுட்பத்தில் முதலில் வர வேண்டியது பக்கவாட்டு வழுக்கல். ஸ்கீகள் சரிவுக்குக் குறுக்கே இருக்க, இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துத் தளர்த்தினால் வழுக்க வேண்டும். இறுக்கினால் உடனே நிற்க வேண்டும். பிறகு எடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் முன்பக்கமாகவும், குதிகாலுக்குக் கொண்டுபோனால் பின்பக்கமாகவும் சாய்ந்து வழுக்க வர வேண்டும். ஷூட்டில் பாறையைச் சுற்றிப் போகவும், குறுகிய கழுத்தைத் தாண்டவும், பயந்துபோன நேரத்தில் மானத்தோடு கீழே வரவும் இது ஒன்றே போதும். இதைப் பயிற்சி செய்யாமல் குதித்துத் திரும்புவதை மட்டும் கற்றுக்கொண்டு வருகிறவர்கள்தான் ஷூட் நடுவில் உறைந்து நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது குதித்துத் திரும்பும் திருப்பம். தொடங்குமுன் முழுசாக நின்றிருக்க வேண்டும்: ஸ்கீகள் குறுக்கே, எடை பெரும்பாலும் கீழ் ஸ்கீயில், மார்பும் முகமும் பள்ளத்தாக்கைப் பார்த்து. கீழ்க்கையை நீட்டி, ஸ்கீக் கழியைக் கீழ் பூட்ஸுக்கு நேர் கீழே, குதிகால் பக்கமாகச் சற்றுத் தள்ளி ஆழமாகக் குத்துங்கள். முன்னால் குத்தினால் திரும்பும்போது ஸ்கீ முனை கழியில் மோதும். இரண்டு முழங்கால்களையும் மடித்து, மேல் காலால் உந்துங்கள். அதே நொடியில் கீழ்க்காலை மடித்துக் குதிகாலைப் பின்புறம் நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். மேல் காலால் உந்துவதால் உடல் மலையிலிருந்து வெளியே வரும், ஸ்கீகளின் வால்கள் சரிவில் உரசாது. முனைகள் பனியை ஒட்டியே இருக்கட்டும். வால்கள் மட்டும் எழுந்தால் போதும். கால்கள் இடுப்புக்குக் கீழே சுழல வேண்டும், தோள் சுழலக் கூடாது. ஸ்கீகள் முக்கால்வாசிக்கு மேல் திரும்பிய பிறகே பனியைத் தொட வேண்டும். தொட்டதும் முழங்காலும் கணுக்காலும் மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, அரை மீட்டர் வழுக்கி விளிம்பு பிடித்து நில்லுங்கள். நின்ற பிறகு அடுத்த கழி.

இதில் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். முதலாவது, பயத்தில் மலைப்பக்கம் சாய்வது. சாய்ந்தவுடன் எடை கீழ் விளிம்பிலிருந்து போய்விடும், இரண்டு ஸ்கீயும் காலடியிலிருந்து உருவிக்கொள்ளும். மேல்கை பனியைத் தடவிக்கொண்டு வந்தால் நீங்கள் சாய்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது, தோளைச் சுழற்றிக் குதிப்பது. ஸ்கீகள் குறுக்கே நிற்காமல் மேலும் சுற்றி, வால்கள் கீழ்நோக்கிப் போக, பின்பக்கமாக ஓடத் தொடங்குவீர்கள். மூன்றாவது, தேவைக்கு மேல் உயரமாகக் குதிப்பது. மேலோடு இறுகிய பனியில் அது உடைந்து ஸ்கீ உள்ளே மாட்டிக்கொள்ளும். நான்காவது, ஒரு திருப்பத்தில் நிற்காமலேயே அடுத்ததைத் தொடங்குவது. வேகம் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடிக்கொண்டே போய், ஐந்தாவது திருப்பத்தில் எதுவும் உங்கள் கையில் இருக்காது.

போவதற்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரி அளவில், இறுகிய பனியுள்ள, கீழே பாறையில்லாத அகலமான சரிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மீட்டர் அகலத்துக்குள், ஒவ்வொரு முறையும் முழுசாக நின்று, இருபது திருப்பங்கள் போடுங்கள். அதில் ஒன்றில் தடுமாறினாலும் இன்னும் பயிற்சி வேண்டும். சரிவை அளக்கக் கைபேசிச் செயலி போதும், கழிகளாலும் அளக்கலாம். ஒரு கழியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து அதே நீளமுள்ள இன்னொரு கழியை மலைப்பக்கம் கிடைமட்டமாக நீட்டுங்கள். முனை சரியாகப் பனியைத் தொட்டால் 45 டிகிரி. எட்டவில்லை என்றால் அதற்குக் குறைவு.

ஷூட்டைக் கீழிருந்து பார்க்காமல் மேலிருந்து நுழையாதீர்கள். முந்தைய நாளே எதிர்ப்பக்கத்திலிருந்து படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, எங்கே குறுகுகிறது, குறுகும் இடம் ஸ்கீ நீளத்துக்கு மேல் இருக்கிறதா, நடுவில் பாறைப்படி உண்டா, ஒதுங்கி நிற்க எங்கே இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 180 சென்டிமீட்டர் ஸ்கீக்கு இரண்டு மீட்டர் கழுத்து என்றால் திரும்பவே முடியாது, வழுக்கித்தான் தாண்ட வேண்டும். நடுப்பகுதியில் மேலிருந்து வடிந்த பனி ஓடி ஓடி இறுகிய வாய்க்கால் விழுந்திருக்கும்; நல்ல பனி பெரும்பாலும் ஓரங்களில். நுழைவில் காற்று கட்டிய பனி விளிம்பு தொங்கினால் அதன்மேல் நிற்காதீர்கள். முதல் ஐந்து மீட்டரைத் திரும்பாமல் வழுக்கிப் பாருங்கள். விளிம்பு கறகறவென்று சத்தம் போட்டும் பிடிக்கவில்லை என்றால், அங்கிருந்து ஏறித் திரும்பிவிடலாம். பத்தாவது மீட்டரில் அது பெரும்பாடு.

ஒருவர் இறங்கி ஒதுங்கிய பிறகே அடுத்தவர். ஒதுங்குவது பக்கப் பாறையின் அடியில், நேர் இறக்கத்துக்கு வெளியே. புதுப்பனியில் 40 டிகிரிக்கு மேல் போனால் உங்கள் திருப்பங்களே உதிரிப்பனியைக் கிளப்பிவிடும், அது பின்னாலேயே வரும். நான்கைந்து திருப்பத்துக்கு ஒரு முறை ஓரமாக ஒதுங்கி அதைக் கடந்துபோக விடுங்கள். அதோடு போட்டி போட்டு இறங்குவது பெரிய மலைகளில் பழகியவர்களுக்கு மட்டும்.

விழுந்துவிட்டால் முதல் விநாடி மட்டும்தான் உங்களுடையது. ஸ்கீ இன்னும் காலில் இருந்தால் அதைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து குறுக்கே வைத்து விளிம்பை அழுத்துங்கள். கழன்றிருந்தால் குப்புறத் திரும்பி, கால் கீழே, தலை மேலே என்று ஆக்கி, கைகளையும் பூட்ஸ் முனைகளையும் பனியில் ஊன்றி வயிற்றை மேலே தூக்குங்கள். எடை அந்த நான்கு புள்ளிகளில் விழும். கழி கையில் இருந்தால் ஒரு கை பிடியிலும் இன்னொரு கை அடிவளையத்துக்குச் சற்று மேலும் பிடித்து முனையைக் குத்துங்கள். கிராம்பான் (பூட்ஸ் அடியில் மாட்டும் உலோக முள் சட்டம்) மாட்டியிருக்கும்போது மட்டும் காலை ஊன்றக் கூடாது. முள் மாட்டித் தலைகீழாகப் புரட்டிவிடும்.

கருவிகளில் விலையைவிடப் பராமரிப்புக்குத்தான் பலன் அதிகம். நடுப்பகுதி 95 முதல் 105 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கீ இங்கே புதுப்பனிக்கும் இறுகிய பனிக்கும் ஒத்துவரும். விளிம்புகளைப் புறப்படுமுன் தீட்டிவிடுங்கள்: பக்கம் 88 டிகிரி, அடிப்பக்கம் 1 டிகிரி. பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டு) மாட்டுமுன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டுவது சின்ன வேலைதான். ஆனால் ஷூட்டில் காரணமில்லாமல் ஸ்கீ கழல்வதற்கு அந்தப் பனிக்கட்டிதான் பெரும்பாலும் காரணம். மலையேற்ற வகைப் பைண்டிங்கின் முன்பூட்டை ஏறும்போது பூட்டியிருப்பீர்கள். இறங்கும்போதும் பூட்டியே வைத்தால் பனிச்சரிவில் கால் உடையும். கழியின் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), பனியில் குத்தித் தேட 240 சென்டிமீட்டருக்குக் குறையாத புரோப் கம்பி, உலோக மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10 நிமிடத்துக்குப் பிறகு சடசடவென்று விழும், ஆகவே தேடுகிறவர்கள் கூட வந்தவர்கள்தான். முதல் நாள் மாலையே ஓட்டல் பக்கத்தில் பீக்கனைப் புதைத்துத் தேடிப் பழகுங்கள்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. சாந்தியாகோ சுமார் 550 மீட்டர். இரண்டு, மூன்று மணி நேரத்தில் 2,880 மீட்டருக்கு வந்துவிடுவீர்கள். முதல் இரண்டு நாள் சீரமைத்த தடங்களிலேயே இருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வெளிநாட்டுத் தேசிய அணிகள் பயிற்சிக்கு வருவதால் இறுகிய தடங்கள் எப்போதும் இருக்கும். விளிம்பில் நிற்கப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. தலைவலியும் தூக்கமின்மையும் இருந்தால் மேலே ஏறாதீர்கள். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை எடுப்பதானால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாம் நாள் ரோக்கா ஜாக் பக்கம் பாறைகளுக்கு நடுவே உள்ள குட்டைச் சரிவுகள். நான்காம் நாள், லிஃப்ட் உச்சியிலிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் போய் ஏரிப்பக்கம் இறங்குபவை. அங்கே முடிவில் ஏரியின் மேல் நடந்து திரும்புவது, பனிக்கட்டி தாங்கும் என்று ரோந்துக் குழு சொன்னால் மட்டும்.

சூப்பர் சி விஷயத்துக்கு வருகிறேன். ரோக்கா ஜாக் உச்சியிலிருந்து ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு, பனிநிலையைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஏற வேண்டும். உயரமான பாறைச் சுவர்களுக்கு நடுவே நீண்டு இறங்கும் ஷூட் அது. உலகின் சிறந்த ஷூட்களில் ஒன்று என்று பலர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது செங்குத்தால் அல்ல, களைப்பால். ஏறி முடிக்கும்போது கால் நடுங்கினால், கீழே இருபது திருப்பம் போடக்கூடிய ஆள் ஐந்தாவதிலேயே உட்காருவார். அதனால் என் பதில்: மேலே சொன்ன சோதனையில் தேறி, நான்காம் நாள் களைப்பில்லாமல் முடித்து, புயல் ஓய்ந்து இரண்டு நாளாவது ஆகி, ரோந்துக் குழுவும் சம்மதித்தால், உள்ளூர் வழிகாட்டியோடு ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் போகலாம். இதில் ஒன்று குறைந்தாலும் இந்த முறை வேண்டாம். கிராம்பான், ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஒன்றரை லிட்டர் தண்ணீர், கனத்த கையுறை ஒரு ஜோடி கூடுதலாக, ஏறும்போது போட மெல்லிய உடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிராம்பான் பையின் அடியில் கிடந்து பயனில்லை; நின்ற நிலையிலேயே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அறைகள் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைவரை என்ற கணக்கில் வாரமாகத்தான் பெரும்பாலும் தருகிறார்கள். ஜூலையில் பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்கும். ஷூட்களுக்கென்றே போவதானால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை நான் சொல்வேன்: குளிர்ந்த பனியும் கிடைக்கும், வெயிலில் இளகிய பனியும் கிடைக்கும். புயல் வந்தால் ஓட்டலுக்கு ஏறும் கொண்டையூசி வளைவுச் சாலையை மூடிவிடுவார்கள், சில சமயம் நாள்கணக்கில். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளாவது சாந்தியாகோவில் இருக்கும்படி பயணச்சீட்டு எடுங்கள். காப்பீட்டில் "தடத்துக்கு வெளியே" ஸ்கீ செய்வதும், மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்குவதும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் அழைக்க வேண்டியது ரோந்துக் குழுவை. அவர்கள் எண்ணை வந்த அன்றே கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். சிலியில் மலை மீட்பு அமைப்பின் எண் 136, ஆம்புலன்ஸ் 131, காவல்துறை 133. ஷூட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. எந்த ஷூட், யார் யார், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதைக் கிளம்புமுன் ரோந்துக் குழுவிடம் சொல்லிவிட்டு, இறங்கியதும் போய் வந்துவிட்டோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.